அம்மாவுக்கு முருங்கைக்கீரை கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. துடிப்பும் சீராக இல்லை (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்). வார்ஃபரின், டிகாக்சின் (துடிப்பைக் கட்டுப்படுத்த), ஃப்ரூசிமைடு (சிறுநீரைப் பெருக்க) சாப்பிடுகிறார். கீரையைத் தொடவே கூடாது என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னதால் நிறுத்திவிட்டோம். காபி, இளநீர், ஏகாதசி விரதம் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: கீரையை நிறுத்தியிருக்க வேண்டாம். ரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும். அதன் வேலையைத்தான் வார்ஃபரின் தடுக்கிறது. கீரையில், அதிலும் முருங்கைக்கீரையில், இந்த வைட்டமின் நிறைய உண்டு. அம்மா வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) பார்த்து மாத்திரையின் அளவை முடிவு செய்திருப்பார்கள். அவரைப் போன்றவர்களுக்கு அந்த எண் பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கீரையைத் திடீரென்று விட்டால் ஐஎன்ஆர் ஏறி ரத்தக்கசிவு வரலாம். ஊரிலிருந்து ஒரு கட்டு வந்தது என்று நாலு நாள் தொடர்ந்து பொரியல், அடை, சூப் என்று போட்டால் இறங்கிவிடும். ரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதம் வரை போகலாம். வாரம் இரண்டு நாள், ஒரு கிண்ணம் என்று பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி தொடங்குவதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஐஎன்ஆரைக் கொஞ்சம் சீக்கிரமே பாருங்கள். கீரைத் தொல்லை இல்லாத புதிய மாத்திரைகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கு இன்றும் வார்ஃபரின்தான் முதல் தேர்வு.

மாமி சொல்லாமல் விட்ட ஒன்றுதான் எனக்குக் கவலை: அதிமதுரம். தொண்டைக் கரகரப்புக்கு வாயில் அடக்குவோம், கஷாயத்தில் போடுவோம். தொடர்ந்து சாப்பிட்டால் அது உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். ஃப்ரூசிமைடு ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. பொட்டாசியம் குறைந்தால் அதே அளவு டிகாக்சினே விஷம் மாதிரி ஆகிவிடும். சாப்பாடு பிடிக்காமல் போவது, குமட்டல், பார்வை மஞ்சளாகத் தெரிவது, நாடி மிகவும் மெதுவாவது ஆகியவை அதன் அறிகுறிகள். 'பித்தம்' என்று இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருக்காமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வாந்தி, பேதி வந்தாலும் பொட்டாசியம் குறையும். பேதிக்கு மெட்ரோனிடசோலை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், அது ஐஎன்ஆரை ஏற்றிவிடும்.

மலச்சிக்கலுக்கு இசப்கோல் குடிப்பவர் என்றால், டிகாக்சினுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இசப்கோலின் நார்ச்சத்து, டிகாக்சினை உடம்பில் முழுதாகச் சேரவிடாது.

காபி? தினமும் இரண்டு டம்ளர் பழக்கம் என்றால் குடிக்கட்டும். குடித்ததும் படபடக்கிறது என்றால் குறைக்கட்டும், அவ்வளவுதான்.

ஏகாதசியன்று பட்டினி கிடக்க நான் சொல்ல மாட்டேன். பால், பழம் என்று எளிய ஆகாரத்தோடு இருக்கலாம். மாத்திரையை மட்டும் விடக் கூடாது. நாள் கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாலும் ஐஎன்ஆர் ஏறும். அப்புறம், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம். வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும்.

பம்ப்ளிமாஸ் பழம் சாப்பிடக் கூடாது என்று வாட்ஸாப்பில் வரும் எச்சரிக்கை அமியோடரோன், வெரபமில் போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு. அம்மாவின் சீட்டில் இப்போது அவை இல்லை.

இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் அவ்வப்போது ஒன்று குடிப்பதில் தவறில்லை. பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையைச் சேர்த்திருந்தாலோ, சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலோ பொட்டாசியம் எல்லை மீறி ஏறலாம், அதுவும் துடிப்பைக் கெடுக்கும். அடுத்த முறை ஐஎன்ஆருக்கு ரத்தம் கொடுக்கும்போது பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து, இளநீர் எத்தனை நாளுக்கு ஒன்று என்று உங்கள் டாக்டரே சொல்லிவிடுவார்.