அம்மாவைத் தள்ளி உக்கார வெச்ச சர்வே: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நியூ ஜெர்சில இருக்கோம். முதல்ல ஒரு லெட்டர் வந்துச்சு, ரெண்டு மூணு நாள் கழிச்சு ஒரு லேடி டேப்லெட்டோட வந்து வீட்ல எத்தன பேரு, என்னென்ன வயசுன்னு கேட்டு தட்டினாங்க, 15 வயசு பையனை செலக்ட் பண்ணிருச்சுன்னாங்க. போதைப்பொருள், மனநலம் பத்தின கவர்மென்ட் சர்வேயாம். நான் சம்மதம் சொன்னதும் அவனுக்கு ஹெட்ஃபோன் மாட்டி லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வெச்சுட்டாங்க. எட்டிப் பாக்கப் போன என்னைய தள்ளி உக்காரச் சொல்லிட்டாங்க! கடைசில அவனுக்கு 30 டாலர் வேற. என்ன நடக்குது இங்க?

பதில்: பயப்படாதீங்க, நெஜ சர்வேதான். பேரு என்எஸ்டியுஎச், அதாவது போதைப்பொருள் பயன்பாடு, மனநலம் பத்தின தேசிய சர்வே, அமெரிக்க அரசுல இந்த ரெண்டையும் கவனிக்கிற சாம்சாங்கிற அமைப்பு நடத்துறது, 1971லயே வேற பேர்ல ஆரம்பிச்சது. 12 வயசுல இருந்து மேல எல்லாரும் உண்டு, வருஷத்துக்கு சுமாரா 67,500 பேர். 18 வயசுக்குக் கீழன்னா அப்பா அம்மா சம்மதம் வேணும், ஆனா பதிலைப் பாக்குற உரிமை அவங்களுக்கு இல்ல.

அந்த ஹெட்ஃபோன் சும்மா ஸ்டைலுக்கு இல்லீங்க. யோசிச்சுப் பாருங்க, முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் உங்க சோஃபால உக்காந்துக்கிட்டு "நீ கஞ்சா அடிச்சிருக்கியா"ன்னு சத்தமா கேட்டா, அம்மா பக்கத்து ரூம்ல இருக்கும்போது எந்தப் பையன் ஆமான்னு சொல்லுவான்? அதனால கேள்விய கம்ப்யூட்டரே காதுக்குள்ள படிக்கும், அவன் பட்டனைத் தட்டுவான், வந்த லேடிக்குக்கூட என்ன கேள்வி ஓடுது என்ன பதில்னு தெரியாது. 1995ல அமெரிக்காவுல டீன் ஏஜ் பசங்ககிட்ட நடந்த ஒரு சர்வேல கொஞ்சப் பேருக்கு பேப்பர், மீதிப் பேருக்கு இந்த ஹெட்ஃபோன் முறைன்னு பிரிச்சு விட்டுப் பாத்தாங்க, ஊசி போட்டுக்கிறது மாதிரி வெளிய சொல்லவே முடியாத விஷயங்களை ஒத்துக்கிட்டவங்க ஹெட்ஃபோன் பக்கம் ரொம்ப அதிகம். பசங்க ஒரே மாதிரிதான், கேட்ட விதம் மட்டும்தான் வேற. என்எஸ்டியுஎச் 1999ல இதுக்கு மாறிருச்சு.

30 டாலர் கதை இன்னும் சுவாரசியம். 2001ல சோதனை வெச்சாங்க, சில பேருக்கு ஒண்ணும் கிடையாது, சில பேருக்கு 20 டாலர், சில பேருக்கு 40. காசு குடுத்த இடத்துல சம்மதிச்சவங்க கூடினாங்க, சரி அது எதிர்பாத்ததுதான், ஆனா மொத்தச் செலவு குறைஞ்சிருச்சு! ஏன்னா ஒரே வீட்டுக்கு நாலு தடவ அஞ்சு தடவ நடக்குற வேலை மிச்சம். அப்புறம் 30ன்னு வெச்சு 2002ல எல்லாருக்கும் குடுக்க ஆரம்பிச்சாங்க.

கேள்வி: ஹெட்ஃபோன் மாட்டினா மட்டும் உண்மைய சொல்லிடுவாங்களா சார்? யாராச்சும் செக் பண்ணிருக்காங்களா?

பதில்: பண்ணிருக்காங்க. 2000, 2001ல 12ல இருந்து 25 வயசு வரைக்கும் இருக்குறவங்ககிட்ட வழக்கம்போல சர்வே எடுத்துட்டு, முடிஞ்சதும் "கொஞ்சம் யூரினும் கொஞ்சம் தலைமுடியும் குடுக்குறீங்களா, அதுக்குத் தனியா காசு தர்றோம்"னு கேட்டாங்க. நிறைய பேர் குடுத்தாங்கங்கிறதே எனக்கு ஆச்சரியம். சிகரெட், கஞ்சா ரெண்டுலயும் சர்வேல சொன்னதும் யூரின் டெஸ்ட் சொன்னதும் பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கு ஒத்துப்போச்சு. ஒத்துப்போகாத எல்லாரும் பொய் சொன்னாங்கன்னும் அர்த்தம் இல்ல, சர்வே 30 நாளைக் கேக்குது, எப்பவாச்சும் ஒரு தடவ கஞ்சா அடிச்சா யூரின்ல சில நாள்தான் நிக்கும், மூணு வாரம் முன்னாடி அடிச்சவன் உண்மையச் சொன்னாலும் டெஸ்ட் இல்லைன்னுதான் காட்டும். கோகைன் மாதிரி சமாச்சாரத்துல ஆளுங்களே கம்மி, அதை வெச்சு பெருசா ஒண்ணும் முடிவு பண்ண முடியல.

ஆனா ஒண்ணு, நான் பாத்த வரைக்கும் பொய்யைவிட பெரிய தலைவலி கேள்வி புரியாம போறதுதான். உதாரணத்துக்கு டாக்டர் எழுதிக் குடுக்குற வலி மாத்திரை. முன்னாடியெல்லாம் "உங்களுக்கு எழுதிக் குடுக்காததையோ, இல்ல அது தர்ற ஃபீலிங்குக்காக மட்டுமோ சாப்ட்டீங்களா"ன்னு கேப்பாங்க. முதுகு வலி தாங்காம ஒண்ணுக்குப் பதிலா மூணு போட்டவர் என்ன சொல்லுவார்? "எனக்கு எழுதினதுதானே, ஃபீலிங்கும் இல்ல ஒண்ணும் இல்ல, வலிதானே"ன்னு இல்லைன்னு தட்டிட்டுப் போயிடுவார். 2015ல மாத்தி, டாக்டர் சொன்னதுக்கு மாறா எந்த விதத்துல சாப்ட்டாலும் சொல்லுங்கன்னு வெச்சாங்க, மாத்திரை படமும் ஸ்க்ரீன்ல வரும், பேரு மறந்தாலும் கலரும் வடிவமும் ஞாபகம் வரும்ல. இந்த மாதிரி வார்த்தைய முடிவு பண்றதுக்கு முன்னாடி கொஞ்ச பேரை உக்கார வெச்சு, "இந்தக் கேள்விய படிச்சதும் மனசுல என்ன ஓடுச்சு, அப்படியே வாய்விட்டு சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. பாக்க சாதாரணமா இருக்கும், ஆனா அங்கதான் பாதி ஓட்டை வெளிய வரும்.

கேள்வி: டிப்ரஷன் எல்லாம் டாக்டரே நாலு தடவ பேசித்தான் கண்டுபிடிக்கிறாரு. இவங்க எப்படி கம்ப்யூட்டர்ல கண்டுபிடிக்கிறாங்க?

பதில்: ஒரு ஆளுக்கு இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கிறது அவங்க நோக்கமே இல்ல, நாட்டுல எத்தன பேருக்கு இருக்கும்னு கணக்குதான் வேணும். பெரியவங்ககிட்ட ஆறு கேள்வி கேப்பாங்க: படபடப்பு, நம்பிக்கையே இல்லாம போறது, நிலைகொள்ளாம தவிக்கிறது, எதுவும் சிரிக்க வைக்காத அளவுக்கு சோகம், எது செஞ்சாலும் பாரமா இருக்கறது, எதுக்கும் லாயக்கில்லைன்னு தோணறது. ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4, கூட்டினா அதிகபட்சம் 24. கூடவே அன்றாட வேலை எவ்ளோ பாதிக்குதுன்னும் கேப்பாங்க. இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு தெரியணும்ல, அதனால 2008ல இருந்து 2012 வரைக்கும் பதில் சொன்னவங்கள்ல ஒரு பகுதிப் பேருக்கு மனநல பயிற்சி உள்ளவங்களே ஃபோன் போட்டு முழு இன்டர்வியூ எடுத்தாங்க, எடுத்ததை ஆறு கேள்வியோட பொருத்திப் பாத்துத்தான் ஃபார்முலா போட்டாங்க, அப்புறம் அதையும் திருத்தி பழைய வருஷ நம்பரையும் மாத்தினாங்க.

கேள்வி: இந்த சர்வே ரிப்போர்ட்ல 2019 நம்பரோட 2021 நம்பரை ஒப்பிடக்கூடாதுன்னு எழுதிருக்காங்க. அப்போ எதுக்கு இந்த சர்வே?

பதில்: நியாயமான கோபம். 2020 மார்ச்ல கோவிட்னால வீடு வீடா போறதை நிறுத்திட்டாங்க, அந்த வருஷக் கடைசில இன்டர்நெட்லயே பதில் சொல்லலாம்னு கொண்டு வந்தாங்க, அதே 2020ல அடிமையாகுறதுக்கான அளவுகோலையும் டிஎஸ்எம் 5க்கு, அதாவது மனநல டாக்டருங்க நோயை முடிவு பண்ணப் பாக்குற கையேட்டோட புதுப் பதிப்புக்கு, மாத்தினாங்க. நெட்ல பதில் சொன்னவங்க கொஞ்சம் அதிகம் படிச்சவங்களா இருந்தாங்க, அதனால படிப்பையும் வெச்சு கணக்கைச் சரி பண்ண வேண்டியதாச்சு. சில பேர் பாதில மூடிட்டும் போயிட்டாங்க, எதிர்ல ஆள் உக்காந்திருந்தா அப்படிப் போக கூச்சமா இருக்கும், நெட்ல என்ன கூச்சம்? இப்போ நம்பர் ஏறினா நெஜமாவே பிரச்சினை ஏறிச்சா, இல்ல கேட்ட விதம் மாறினதால ஏறிச்சான்னு பிரிக்க முடியாது. 2002லயும் இதே கதைதான், 30 டாலரும் என்எஸ்டியுஎச்ங்கிற புதுப் பேரும் ஒரே வருஷம் வந்துச்சு, பழைய வருஷத்தோட ஒப்பிட முடியாம கிராஃப் அறுந்து போச்சு.

என்னைக் கேட்டா தப்பான முறைய கிராஃபுக்காக காப்பாத்துறதைவிட அறுந்தாலும் பரவால்ல. ஆனா அறுக்குறதுக்கு முன்னாடி பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டு வித்தியாசத்தை அளந்து வெச்சுக்கணும். கோவிட் அதுக்கு டைம் குடுக்கல.

கேள்வி: எங்க அம்மாவும் எங்களோடதான் இருக்காங்க, தமிழ் மட்டும்தான் தெரியும். அவங்களை செலக்ட் பண்ணா?

பதில்: எடுக்க மாட்டாங்க. இங்கிலீஷ், ஸ்பானிஷ் ரெண்டுலதான் நடக்குது. ஜெயில்ல இருக்குறவங்க, மிலிட்டரி டியூட்டில இருக்குறவங்க, ஷெல்டருக்குக்கூட போகாம தெருவுல இருக்குறவங்க இவங்களும் கணக்குல வர்றதில்ல. போதைப் பிரச்சினை நிறைய இருக்குற இடத்துல சிலது இதுலயே வெளிய போயிருச்சு, அந்த நம்பரைப் படிக்கும்போது இதையும் மனசுல வெச்சுக்கோங்க.

கேள்வி: (முதல் கேள்வி கேட்ட அதே அம்மா) பையன்கிட்ட என்ன பதில் சொன்னேன்னு கேக்கலாமா?

பதில்: வேணாம்மா. கேட்டீங்கன்னா அடுத்த தடவ யாரு வந்து எந்த ஹெட்ஃபோன் மாட்டினாலும் எல்லாத்துக்கும் இல்லைன்னு தட்டிட்டு வந்துருவான்.