மூணு பட்டன், ஒன்றரை மீட்டர் குழாய்: டிரம்பெட் கேள்வி-பதில்

டிரம்பெட் பத்தி வந்த கேள்விய எல்லாம் இந்த வாட்டி ஒண்ணா சேத்து எடுத்துக்கிட்டேன். முக்கால்வாசி பேரு கேக்குறது "எத மாத்தணும், எத வாங்கணும்"னு தான், ஆனா பதிலு கடைசில உதட்டுலயும் குழாய் நீளத்துலயும் தான் போய் நிக்குது.

கே: புதுசா டிரம்பெட் வாங்கினேன் சார். எவ்ளோ ஊதினாலும் வெறும் காத்து தான் வருது. பீஸ் டிஃபெக்டா?

டிஃபெக்ட்டா இருக்க வாய்ப்பு கம்மிங்க. அதுக்குள்ள சத்தம் போடுற பொருள்னு ஒண்ணுமே கிடையாது. நாதஸ்வரத்துல சீவாளி இருக்கு, கிளாரினெட்ல ரீட் இருக்கு, டிரம்பெட்ல அந்த வேலைய பாக்குறது உங்க உதடு. ரெண்டு உதட்டையும் லேசா சேத்து வெச்சு நடுவுல காத்த தள்ளுங்க, "ப்ர்ர்ர்"னு அதிரணும், கன்னத்த உப்ப விடாதீங்க. அந்த அதிர்வோட மவுத்பீஸ்ல வாய வெச்சா சத்தம் தன்னால வரும்.

வந்ததும் ஒரு சின்ன சோதனை பண்ணி பாருங்க. மவுத்பீஸ மட்டும் கழட்டி அதுல ஊதுனா கீழ இருந்து மேல வரைக்கும் வழவழன்னு இழுத்துட்டே போகலாம், நடுவுல எங்க வேணா நிக்கலாம். அதையே டிரம்பெட்ல சொருகிட்டு அதே மாதிரி இழுங்க, இப்ப வழவழன்னு வராது, ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொண்ணுக்கு டக்கு டக்குனு தாவும். உதடு ஒவ்வொரு தடவ திறக்கும்போதும் ஒரு அழுத்தம் குழாய்க்குள்ள ஓடுது, முன்னாடி விரிஞ்சிருக்குற பெல் வரைக்கும் போய் அதுல பெரும்பகுதி திரும்பி வந்து உதட்ட தட்டுது, அது கரெக்டா உதடு திறக்குற நேரத்துல வந்து சேந்தா அதிர்வு பலமாகும், இல்லேன்னா செத்துப்போகும். ஊஞ்சல தள்ளுற கணக்கு தான், நேரம் தப்பி தள்ளினா ஆட்டம் நின்னுடும். அதனால எந்த வேகத்துல அதிரலாம்னு உதட்டுக்கு குழாய் கொஞ்சம் தான் சாய்ஸ் குடுக்குது. பட்டன் எதுவும் அமுக்காம சாதாரணமா ஊதுற கீழ் ஸ்வரத்துக்கு உதடு செகண்டுக்கு 233 தடவ திறந்து மூடுது.

கே: மூணே மூணு பட்டன் வெச்சு எப்படிண்ணே எல்லா ஸ்வரமும் வருது? ஃப்ளூட்டுல கூட எட்டு ஓட்டை இருக்கே.

சூப்பர் கேள்வி தம்பி, எனக்கு ரொம்ப பிடிச்ச சமாச்சாரம் இது.

பட்டன் அமுக்காமலே உதட்டோட இறுக்கத்தையும் காத்தையும் மாத்தி ச, ப, மேல் ச, அதுக்கு மேல க, ப அப்படின்னு வாங்கிடலாம். இதுல பெரிய இடைவெளி எங்கன்னு பாருங்க, கீழ் ச-வுக்கும் ப-வுக்கும் நடுவுல தான். அங்க ஆறு ஸ்வரஸ்தானம் காலியா கிடக்கு. அந்த ஆற நிரப்பிட்டா வேலை முடிஞ்சுது, மேல போகப் போக இடைவெளி சின்னதாயிட்டே போகும், அதே விரல் வெச்சே சமாளிச்சுக்கலாம்.

இப்ப வால்வு, அதாவது அந்த பட்டன். அமுக்கினா காத்து ஒரு எக்ஸ்ட்ரா குழாய் வழியா சுத்தி போகும், நீளம் கூடும், ஸ்வரம் இறங்கும். ரெண்டாவது வால்வு அர ஸ்வரம் (அதாவது ஒரு ஸ்வரஸ்தானம்) இறக்கும், முதல் வால்வு ஒரு முழு ஸ்வரம், மூணாவது ஒன்றரை. ப-ல ஆரம்பிச்சு கீழ வாங்க: ரெண்டாவது மட்டும் அமுக்கினா பிரதி மத்யமம், முதல் மட்டும் சுத்த மத்யமம், 1-2 சேத்து அந்தர காந்தாரம், 2-3 சாதாரண காந்தாரம், 1-3 சதுஸ்ருதி ரிஷபம், மூணும் சேத்து அமுக்கினா சுத்த ரிஷபம். எல்லா விரலையும் எடுத்துட்டா ச. கரெக்டா ஆறு காலி இடம், கரெக்டா ஆறு காம்பினேஷன். மூணாவது மட்டும் தனியா அமுக்கினா 1-2 அமுக்கின அதே அந்தர காந்தாரம் தான் வரும், அதனால அத தனியா யாரும் பெருசா யூஸ் பண்றதில்ல.

கே: மூணாவது வால்வு குழாய்ல ஒரு வளையம் இருக்கு, விரல் மாட்டுறதுக்கா? சும்மா பிடிமானத்துக்குன்னு எங்க மாஸ்டர் சொன்னாரு.

பிடிமானத்துக்கு மட்டும் இல்லீங்க. அது மேல சொன்ன கணக்குல இருக்குற ஓட்டைய அடைக்கிறதுக்கு.

நம்ம சாதாரண டிரம்பெட்டோட குழாய மடிப்பு எல்லாம் பிரிச்சு நீட்டினா 148 சென்டிமீட்டர் வரும். அர ஸ்வரம் இறக்கணும்னா நீளத்துல சுமார் 6 சதவீதம் கூட்டணும், அதாவது 8.8 செ.மீ. முழு ஸ்வரத்துக்கு 18.1, ஒன்றரைக்கு 28. மூணையும் கூட்டுங்க, 54.9 வருது. ஆனா நெஜமா மூணு முழு ஸ்வரம் இறங்கணும்னா 61.3 வேணும். 6.4 செ.மீ குறையுது! ஏன்னா ஒவ்வொரு சதவீதமும் அப்ப இருக்குற மொத்த நீளத்து மேல கணக்கு, முதல் வால்வு அமுக்கினதும் குழாய் ஏற்கனவே நீளமாயிடுச்சு, ஆனா ரெண்டாவது வால்வோட குழாய்க்கு அது தெரியாதே, அது அதே 8.8 தான் குடுக்கும். அதனால மூணும் அமுக்கினா சுத்த ரிஷபம் பாதி அர ஸ்வர அளவுக்கு தூக்கலா நிக்கும், காது உள்ள யாரும் தாங்க மாட்டாங்க.

செய்றவங்க மூணாவது குழாய கொஞ்சம் முன்கூட்டியே நீளமா வெச்சு பாதிய சமாளிப்பாங்க, மீதிய நீங்க தான் இடது கை மோதிர விரலால அந்த வளையத்த வெளிய தள்ளி சரி பண்ணணும். 1-3 அமுக்கும்போது கொஞ்சம், 1-2-3க்கு நல்லாவே. அந்த ஸ்லைடு (உள்ள வெளிய நகர்ற குழாய்) துரு பிடிச்சு ஒட்டிக்கிட்டு இருக்குற டிரம்பெட்ட நம்ம ஊரு பேண்டு செட்ல நெறைய பாக்கலாம், அப்புறம் ஸ்ருதி சேரலன்னு ட்ரம்ஸ்காரன திட்டுறது.

கே: வால்வு கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி எப்படி வாசிச்சாங்க?

குழாய் இப்ப இருக்குறத விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நீளம். அப்படி இருந்தா மேல போறப்ப ஸ்வரங்கள் பக்கத்து பக்கத்துல வந்துடும், ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் காலத்து ஆளுங்க அந்த உச்சி ஏரியாவுலயே உக்காந்து வெறும் உதட்டாலயே மெலடி வாசிச்சாங்க, நெனச்சாலே வாய் வலிக்குது. இசையமைப்பாளர் ஹைடன் 1796ல எழுதின கான்செர்ட்டோ (ஒரு வாத்தியம் ஆர்கெஸ்ட்ராவோட சேந்து வாசிக்கிற படைப்பு), சாவி வெச்சு ஓட்டைய திறந்து மூடுற டிரம்பெட்டுக்கு, அது நிலைக்கல. பெர்லின்ல ஸ்டோல்செல்லும் ப்ளூமெலும் 1818ல வால்வுக்கு பேட்டன்ட் வாங்கினாங்க, இப்ப நாம அமுக்குற பிஸ்டன் டைப் 1839ல பாரிஸ்ல பெரினே கொண்டு வந்தது. நம்ம எக்காளமும் கொம்பும் இன்னிக்கும் வால்வு இல்லாத அதே உதட்டு வாத்தியம் தான்.

கே: முன்னாடி அந்த விரிஞ்ச பெல் எதுக்கு? சவுண்ட பெருசாக்கவா? பிவிசி பைப்ல மவுத்பீஸ் சொருகினா டிரம்பெட் ஆயிடுமா?

சொருகி பாருங்க, சத்தம் வரும், ஜாலியாவும் இருக்கும். ஆனா ச-ப-ச-க வரிசை வராது. ஒரு பக்கம் உதடு அடைச்ச வெறும் நேர் குழாய் 1, 3, 5, 7ங்குற அதிர்வு விகிதத்துல தான் ஒத்துழைக்கும். பெல் கீழ் பக்கம் இருக்குறத மேல தூக்குது, மவுத்பீஸ் கிண்ணம் மேல இருக்குறத கீழ இழுக்குது, ரெண்டும் சேந்து இழுத்து பிடிச்சதுல தான் 2, 3, 4, 5, 6ன்னு (அதான் ச, ப, ச, க, ப) அழகா ஒரு வரிசை கெடைக்குது. வரிசையில 1 மட்டும் ஒழுங்கா உக்காராது, அதனால அத வாசிக்க யாரும் மெனக்கெடுறதில்ல.

சவுண்ட வெளிய விடுறதும் பெல் தான், அது உண்மை. ஆனா எல்லாத்தையும் ஒரே மாதிரி விடாது. மந்தமான அதிர்வ பெருமளவு உள்ளயே திருப்பி அனுப்பும், சுமார் 1500 ஹெர்ட்ஸுக்கு (செகண்டுக்கு 1500 அதிர்வுக்கு) மேல உள்ளத கிட்டத்தட்ட அப்படியே வெளிய விட்டுடும். அந்த பளீர் வெளிய வர்றது அதனால தான், பெல்லுக்கு நேரா நிக்கிறவனுக்கு காது கிழியுறதும் பக்கத்துல நிக்கிறவனுக்கு பாதி தான் கேக்குறதும் அதனால தான்.

கே: மெதுவா வாசிச்சா பூ மாதிரி இருக்கு, சத்தமா ஊதினா பித்தளைய கீறுற மாதிரி ஆகுதே, ஏன்?

வால்யூம் ஏறினா மட்டும் இப்படி ஆகாது. குழாய்க்குள்ள அழுத்தம் ரொம்ப அதிகமானா அலையோட உச்சி அதோட அடிப்பகுதிய விட வேகமா ஓட ஆரம்பிக்குது, போகப் போக முன்பக்கம் செங்குத்தாயிடும், அதுல மேல் அதிர்வுகள் ஏகத்துக்கும் கூடிடும். ட்ராம்போன்ல (குழாய இழுத்து தள்ளி வாசிக்கிற பித்தளை வாத்தியம்) இது அதிர்ச்சி அலையாவே மாறுதுன்னு 1996ல அளந்து காட்டியிருக்காங்க. நீளமான நேர் குழாய் இருந்தா தான் அலைக்கு இதுக்கு இடம் கெடைக்கும், அதனால தான் ஆரம்பத்துல இருந்தே விரிஞ்சுட்டு போற ஃப்ளூகல்ஹார்ன் (டிரம்பெட் மாதிரி இருக்குற இன்னொரு வாத்தியம்) எவ்ளோ ஊதினாலும் அவ்ளோ கீறாது.

கே: கீபோர்டுல சி அமுக்கிட்டு நானும் சி வாசிச்சா ஒத்தே வர மாட்டேங்குது.

உங்களது பி ஃப்ளாட் டிரம்பெட். நீங்க சி வாசிச்சா வெளிய பி ஃப்ளாட் தான் வரும். கீபோர்டுக்காரர் சி-ல இருந்தா நீங்க டி-ல இருங்க, இல்ல அவர ட்ரான்ஸ்போஸ் மைனஸ் 2 வெக்க சொல்லுங்க.

கே: மண்டபத்துக்குள்ள ஏசில ஸ்ருதி கரெக்டா இருந்துச்சு, ஊர்வலத்துல வெளிய வந்ததும் ஏறிடுச்சு. வால்வு லீக்கா?

வெயில் தாங்க. காத்து சூடானா சத்தம் வேகமா ஓடும், ஒரு டிகிரிக்கு சுமார் 3 சென்ட் ஸ்ருதி ஏறும் (100 சென்ட் சேந்தா அர ஸ்வரம்). உங்க மூச்சு உள்ள ஓரளவு ஒரே சூட்டுல வெச்சுக்கும், ஆனா வெயில்ல காஞ்ச பித்தளைகிட்ட அது எடுபடாது. டியூனிங் ஸ்லைட (ஸ்ருதி சேக்க இழுக்குற குழாய) ஒரு செ.மீ வெளிய இழுத்தா நீளம் 2 செ.மீ கூடும், 20 சென்டுக்கு மேல இறங்கும். வெளிய வந்ததும் ரெண்டு நிமிஷம் ஊதி சூடு பண்ணிட்டு அப்புறம் செட் பண்ணுங்க.

கே: கோல்டு கலரா சில்வர் கலரா? எதுல சவுண்ட் நல்லா இருக்கும்?

உள்ள ரெண்டும் பித்தளை தான். மஞ்ச பித்தளைன்னா 70 பங்கு செம்பு 30 பங்கு துத்தநாகம், கோல்டு பிராஸ்னா 85-15. மேல இருக்குறது லாக்கர் கோட்டிங், இல்ல வெள்ளி முலாம். குழாயோட உள் அளவு, மவுத்பீஸ் சொருகுற லீட்பைப், பெல்லோட வடிவம் இதெல்லாம் முடிவு பண்ற அளவுக்கு கலர் ஒண்ணும் பண்ணாது. போட்டோவுல எது நல்லா இருக்கோ எடுத்துக்கோங்க.

கே: ஹை நோட் வரல. 7சி மவுத்பீஸ் போட்டுட்டு 3சி வாங்கலாமான்னு இருக்கேன்.

நம்பர் குறைய குறைய கிண்ணம் பெருசு. மவுத்பீஸ் செய்ற பாக் கம்பெனி அளவுப்படி 7சி உள் விட்டம் 16.20 மி.மீ, 3சி 16.30. ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு தான் வித்தியாசம்! அகலமானது போட்டு ஹை நோட் ஈஸியாச்சுன்னு எனக்கு தெரிஞ்சு யாரும் சொன்னதில்ல. நீங்க மேல போறப்ப மவுத்பீஸ வாயோட வெச்சு அமுக்குறீங்கன்னு நெனைக்கறேன், வாசிச்சு முடிச்சதும் உதட்டுல வட்டமா தடம் பதிஞ்சிருந்தா அதான் காரணம், அமுக்கினா ரத்தம் போகாது, உதடு அதிராது, அப்புறம் இன்னும் அமுக்க தோணும். இடது கை பிடிய தளத்தி காத்த வேகமா விட்டு பாருங்க. காசு மிச்சம்.

கே: அந்த சின்ன சாவிய திறந்தா தண்ணி கொட்டுது, எல்லாம் எச்சிலா? பக்கத்துல உக்காரவே அருவருப்பா இருக்கு.

பெரும்பாலும் மூச்சுல இருக்குற ஈரம் குழாய்ல பட்டு தண்ணியாகுறது தான். கீழ ஒரு துணி போட சொல்லுங்க.

கே: டிரம்பெட்ட கழுவிட்டு திரும்ப மாட்டினேன், இப்ப காத்தே போகல. மூச்சு முட்டுது.

பிஸ்டன (வால்வுக்குள்ள மேல கீழ போற உருளைய) இடம் மாத்தி போட்டிருப்பீங்க, இல்ல திருப்பி போட்டிருப்பீங்க. மூணுலயும் 1, 2, 3ன்னு நம்பர் குத்தியிருக்கும், வாய்க்கிட்ட இருந்து எண்ணி அது அது இடத்துல போடுங்க, மெதுவா திருப்பினா "டிக்"னு உக்காரும், அதுக்கப்புறம் திரும்பாது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி மில்லிமீட்டர்ல நூறுல சில பங்கு தான், அதுல தேங்கா எண்ணெய் விடுற பழக்கம் இன்னும் இருக்கு, தயவு செஞ்சு வேணாம், பிசினா மாறிடும். வால்வு ஆயில் தான் விடணும். ஸ்லைடுக்கு கிரீஸ், அது வேற.

கே: செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், மீரட்ல செஞ்சது. பெல்லுல ஒரு நெளிவு இருக்கு. வாங்கலாமா?

மீரட் ஜாலி கோத்தி பக்கம் தான் நம்ம நாட்டு பேண்டு வாத்தியம் நெறைய செய்றாங்க, அதுல நல்லதும் இருக்கு சுமாரானதும் இருக்கு, ஊர் பேர வெச்சு முடிவு பண்ண முடியாது. பெல் நெளிவ பத்தி கவலையே வேணாம். அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியோட டிரம்பெட் மேல 1953ல ஒரு பார்ட்டில யாரோ விழுந்து பெல் மேல் பாத்து வளைஞ்சுது, வாசிச்சு பாத்தாரு, தான் ஊதுறது தனக்கே நல்லா கேக்குதுன்னு பிடிச்சு போய் அதுக்கப்புறம் வளைச்சே செய்ய சொல்லி வாங்கினாரு. நெளிவு மவுத்பீஸ ஒட்டின லீட்பைப்ல இருந்தா தான் பயப்படணும், அங்க குழாய் ஒடுக்கம், சின்ன பள்ளம் கூட ஸ்வரத்த நகத்தும். அந்த குழாய்ல செவப்பு புள்ளி, அதுக்கு நடுவுல கருப்பு குழி தெரிஞ்சா துத்தநாகம் கரைஞ்சுட்டு இருக்குன்னு அர்த்தம், விட்டுடுங்க.

வால்வுக்கு டெஸ்ட் இது. எதையும் அமுக்காம முதல் வால்வு ஸ்லைட கழட்டாம கொஞ்சம் வெளிய இழுங்க, நாலஞ்சு செகண்ட் சும்மா இருங்க, அப்புறம் முதல் வால்வ அமுக்குங்க. "பாப்"னு சத்தம் வந்தா வால்வு டைட்டா இருக்கு. சத்தமே வரலன்னா பிஸ்டன் தேஞ்சுடுச்சு, மூணு வால்வையும் இப்படி பாத்துட்டு அப்புறம் வெலை பேசுங்க. மவுத்பீஸ் உள்ள இறுகி வர மாட்டேங்குதுன்னு விக்கிறவர் சொன்னா பிளையர் போட விடாதீங்க, லீட்பைப் முறுக்கிடும், அதுக்குன்னே புல்லர் இருக்கு, ரிப்பேர் கடைல எடுத்து குடுப்பாங்க.