காலப்பயணம்: பிடித்ததும் பிடிக்காததும்

கேள்வி: டி.வி. அறிவியல் புனைகதைத் தொடர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த காலப்பயண எபிசோட் எது, அறவே பிடிக்காதது எது?

பதில்: பிடித்தது, 1967-ல் வந்த ஸ்டார் ட்ரெக்கின் 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்'. 1930-ம் ஆண்டு நியூயார்க்குக்குப் போகும் கேப்டன் கிர்க், ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் ஈடித் கீலரைக் காதலிக்கிறார். ஈடித் பிழைத்தால், அவருடைய அமைதி இயக்கத்தால் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்குவது தள்ளிப்போய், ஹிட்லர் ஜெயித்துவிடுவார். ஈடித்தை நோக்கி ஒரு லாரி வருகிறது. காப்பாற்றப் பாயும் டாக்டர் மெக்காயை கிர்க் இறுகப் பிடித்துக்கொள்வார் பாருங்கள், அந்த முகம்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சை அடைக்கும்.

பிடிக்காதது, 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரின் 'இயர் ஆஃப் ஹெல்' (1997). விண்கப்பல் உருக்குலைகிறது, அதன் அதிகாரி டூவாக் பார்வை இழக்கிறார். பிரமாதமாகத்தான் போகிறது. ஆனால் முடிவில் காலமே திருத்தப்பட்டு, எதுவும் நடக்கவில்லை, யாருக்கும் நினைவில்லை என்று துடைத்துவிடுகிறார்கள். பட்ட பாட்டுக்கு ஒரு தழும்பாவது மிஞ்ச வேண்டாமா?