ஆப்பிரிக்காவுக்கான பாதுகாப்பான தகவல்தொடர்பை ஆராயும் பொறியியல் பேராசிரியர்கள் பழைய 2ஜி கைப்பேசியை ஏன் விடுவதில்லை?

கென்யாவில் 2007-ஆம் ஆண்டு சஃபாரிகாம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தொடங்கிய எம்-பெசா எனும் பணப் பரிமாற்றச் சேவை, இணைய வசதியே இல்லாத பொத்தான் கைப்பேசியிலும் சிம் அட்டைக்குள் இருக்கும் சிறு செயலியின் வழியாகப் பணம் அனுப்ப உதவுவதால், அவர்கள் ஆராயும் சிக்கலும் அந்தக் கைப்பேசியிலேயே தொடங்குகிறது. 2ஜி வலையமைப்பில் கைப்பேசி தன் அடையாளத்தைக் கோபுரத்துக்கு நிரூபிக்க வேண்டும்; கோபுரம் பதிலுக்கு எதையும் நிரூபிப்பதில்லை என்பதால், போலிக் கோபுரம் அமைத்து ஒட்டுக்கேட்பது இயலும். போதாக்குறைக்கு, உரையாடலைப் பிறர் கேட்க முடியாதபடி பூட்டும் 2ஜி-யின் ஏ5/1 மறையாக்கத்தை (encryption) உடைக்க உதவும் அட்டவணைகள் 2009-இலேயே பொதுவில் வெளியாகிவிட்டன. சிம் செயலியாவது தன் செய்தியைத் தனிச் சாவியால் பூட்டி அனுப்ப முடியும். நட்சத்திரக் குறியுடன் எண்களை அழுத்தும் யுஎஸ்எஸ்டி முறையிலோ, அனுப்புபவரிடமிருந்து பெறுபவர் வரை செய்தியைப் பூட்டியே வைக்கும் முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது. எல்லோரும் ஸ்மார்ட்போன் வாங்கட்டும் என்று சொல்வது, என் பார்வையில், பொறியியல் விடையாகாது. எனவேதான் குறைந்த நினைவகத்திலும் மின்சாரத்திலும் இயங்கும் இலகுவான மறையாக்க முறைகளை அவர்கள் தேடுகிறார்கள்.