வெளிச்சமில்லாத ஜெபம்

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம். அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு என் ஜெபம் வறண்டுவிட்டது. வேதத்தைத் திறந்தால் எழுத்து தெரிகிறது, எதுவும் என்னோடு பேசுவதில்லை. ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "ஆவிக்குரிய கண் அடைபட்டுப் போச்சு, அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கு" என்றார். நினைவுக்கு வந்ததையெல்லாம் அறிக்கை செய்துவிட்டேன். ஆராதனைக்குப் போகிறேன், படுக்கையிலிருக்கும் அம்மாவைக் கவனித்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே ஒரே இருட்டு. நான் குருடாகிவிட்டேனா?
— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை.

அந்த அக்கா கேட்டதைச் சீஷர்களும் கேட்டிருக்கிறார்கள். யோவான் 9-ஆம் அதிகாரம்: இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம்? இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். பாவத்தை மறைத்தால் உள்ளம் இருண்டுபோகும், உண்மைதான். 32-ஆம் சங்கீதம் அதைச் சொல்கிறது. ஆனால் எல்லா இருட்டுக்கும் அதுவே காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? துக்கத்திலிருக்கும் ஒருத்தியிடம் அப்படிச் சொன்னது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அந்த மனிதனையே இன்னும் கொஞ்சம் கவனியுங்கள். ஆண்டவர் கண்ணில் சேற்றைப் பூசி, சீலோவாம் குளத்துக்குப் போய்க் கழுவு என்கிறார். 2004-இல் எருசலேமில் கழிவுநீர்க் குழாய் வேலை நடந்தபோது அந்தக் காலத்துக் குளத்தின் கல்படிகள் வெளிப்பட்டன. அங்கே போய்ச் சேரும்வரை அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பார்வையில்லாத கண்மேல் சேறு வேறு. சொன்ன வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தான். அந்த நடையை அவிசுவாசம் என்று யாராவது சொல்வார்களா? அதே அதிகாரத்தின் முடிவில் ஆண்டவர் கண்டித்தது, "நாங்கள் காண்கிறோம்" என்று சாதித்தவர்களைத்தான்.

வெளிச்சமில்லாமல் இருட்டில் நடக்கும் தேவபக்தனைப் பற்றி ஏசாயா 50:10 பேசுகிறது. மனந்திரும்பு என்று அவனுக்குச் சொல்லவில்லை. தன் தேவனைச் சார்ந்துகொள்ளட்டும் என்கிறது.

அன்னை தெரசா 1953-இல் கல்கத்தா பேராயர் ஃபெர்டினாண்ட் பெரியேவுக்கு எழுதிய கடிதத்தில், தனக்குள் பயங்கரமான இருள் இருப்பதாகச் சொல்லி ஜெபிக்கக் கேட்டார். 1958-இல் சில வாரங்கள் அது விலகியது, மறுபடியும் மூடிக்கொண்டது. அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2007-இல் கடிதங்கள் நூலாக வந்தபோதுதான் உலகத்துக்கு இது பரவலாகத் தெரிந்தது. அத்தனை வருஷமும் வீதியில் கிடந்தவர்களைத் தூக்கிக் கழுவிக்கொண்டிருந்தார்.

வெளிச்சத்தில் இருக்கிறோமா என்று பார்க்க யோவான் தன் முதல் நிருபத்தில் தரும் அளவுகோல் மனதில் தோன்றும் உணர்வு அல்ல. சகோதரனைப் பகைக்கிறவன் இருளில் இருக்கிறான், அன்புகூருகிறவன் ஒளியில் நிலைகொண்டிருக்கிறான் (2:10, 11). அம்மாவுக்குத் தினமும் செய்யும் பணிவிடையை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கேள்விக்குப் பதிலே அந்த வரியில்தான் தெரிகிறது.

சொந்த வார்த்தை வராதபோது 88-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆறுதல் வசனம் ஒன்றுகூட இல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. அதுவும் வேதத்தில் இருக்கிறது. தூக்கமும் பசியும் போயிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். துக்கம் உடம்பையும் பிடிக்கும். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.