மழையில் டென்ட் ஒழுகியதா, வியர்த்ததா?

கேள்வி: தீபாவளி விடுமுறையில் கொடைக்கானல் பூம்பாறைப் பக்கம் நண்பரின் பூண்டுத் தோட்டத்தில் இரண்டு இரவு டென்ட் போட்டுத் தங்கப் போகிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. போன வருடம் ஏற்காட்டில் இதே டென்டில் தங்கியபோது இரவெல்லாம் தூறல். விடிந்து பார்த்தால் போர்வை, தலையணை எல்லாம் சொதசொதவென்று ஈரம். டென்டை மாற்றுவதா, மழை என்றாலே பயணத்தைத் தள்ளிப்போடுவதா? (மதுரை வாசகி)

பதில்: இரண்டும் வேண்டாம். வெறும் தூறலுக்கு எல்லாமே நனைந்தது என்றால், உங்கள் டென்ட் ஒழுகியிருக்க வாய்ப்பு குறைவு. அது வியர்த்திருக்கிறது. மழை உள்ளே வந்துவிடும் என்று ஜன்னல், வாசல் எல்லாவற்றையும் ஜிப் போட்டு இழுத்து மூடியிருப்பீர்கள். உள்ளே நான்கு பேரின் மூச்சு, கூடவே ஈர உடுப்பு. இட்லிப் பானை மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்துமுத்தாக நிற்குமே, அதேபோல் அந்த ஆவி குளிர்ந்த துணியில் பட்டு நீராகி, காற்று ஆட்டும்போது உங்கள் மேலேயே உதிரும். தையல் ஓரத்தில் ஒரே இடத்தில் சொட்டினால் ஒழுகல். சுவர் முழுக்கப் பனித்திருந்தால் வியர்வை. ஒழுகலுக்குத் தையலில் பூசும் சீலர் போதும். வியர்வைக்கு மருந்து காற்றுதான். மேல் ஜன்னல்களை எதிரெதிராக நான்கு விரல் அளவு திறந்து வையுங்கள், ஈரத் துணியை வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

தரையும் நனைந்ததா? அப்படியென்றால் அடியில் விரித்த பாலிதீன் ஷீட் டென்டைவிடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கும். கூரையில் வழியும் நீரை அந்த விளிம்பு வாங்கி நேராகப் படுக்கைக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும். டென்டின் அடியைவிட நான்கு புறமும் அரைச் சாண் சிறிதாக மடித்து உள்ளே தள்ளுங்கள்.

நான் குழுக்களை மலைக்கு அழைத்துப் போகும்போது டென்டைவிடத் தார்ப்பாயைத்தான் நம்புகிறேன். கல்யாண வீட்டில் பந்தல் போட்ட பிறகுதானே பாய் விரிக்கிறோம்? இங்கேயும் அதே வரிசைதான். ஹார்டுவேர் கடையில் 12க்கு 15 அடித் தார்ப்பாய் ஒன்றும், விரல் கனத்தில் நைலான் கயிறும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மரங்களுக்கு இடையே தலைக்கு மேல் கயிற்றை விறைப்பாகக் கட்டி, தார்ப்பாயை அதன்மேல் போடுங்கள். காற்று அடிக்கும் பக்கம் முழங்கால் உயரத்துக்கு இறங்கட்டும், மறுபக்கம் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் இருக்கட்டும். சரிவு போதவில்லை என்றால் நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டுவிடும்.

பலர் கோட்டைவிடும் ஓர் இடம் உண்டு. மரத்தில் வழியும் மழைநீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். தார்ப்பாயின் விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் கயிற்றில் ஒரு துணிக் கிழிசலைக் கட்டித் தொங்கவிடுங்கள். வந்த நீர் அதன் வழியே கீழே சொட்டிவிடும், உள்ளே கயிறு காய்ந்தே கிடக்கும். நைலான் நனைந்தால் தொய்ந்துவிடும் என்பதால் படுக்கப் போகுமுன் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். மழை பெய்யும்போதே போய்ச் சேர்ந்தாலும் இந்தப் பந்தலைப் போட்டுவிட்டால் அதன் நிழலில் டென்டை நனையாமல் விரிக்கலாம். சமையல், சாப்பாடு, பிள்ளைகளின் விளையாட்டு எல்லாம் அங்கேதான். டென்ட் தூங்குவதற்கு மட்டும்.

பூம்பாறைத் தோட்டங்கள் படிப்படியாக வெட்டியவை. கல் கட்டுக்கு ஒட்டினாற்போல் அடியில் டென்ட் போடாதீர்கள். ஊறிய மண்ணில் கட்டு சரியும். யூகலிப்டஸ் மரத்தடியும் வேண்டாம், அதன் கிளை சொல்லாமல் முறிந்து விழும். ஓடையோரம் அழகாக இருக்கும்தான். ஆனால் மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே நீர் ஏறும். தெளிந்த ஓடை திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் சாமானைப் பார்க்காமல் பிள்ளைகளோடு மேடேறிவிட வேண்டும்.

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள். கொடைக்கானலுக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம் அதுதான். நவம்பர் இரவுகளில் குளிர் 10 டிகிரி வாக்கில் இறங்கும். அந்தக் குளிரில் ஈரத்தோடு படுப்பதுதான் ஆபத்து, மழையில் நனைவது அல்ல. பகலில் பிள்ளைகள் ஆசை தீர நனையட்டும். ஆனால் ஆளுக்கு ஒரு செட் உடுப்பு, ஒரு ஜோடி கம்பளிக் காலுறை, போர்வை அல்லது ஸ்லீப்பிங் பேக், இவற்றைக் கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை முறுக்கிக் கட்டிவையுங்கள். டென்டுக்குள் நுழைந்த பிறகுதான் அதைப் பிரிக்க வேண்டும். அந்த உடுப்போடு யாரும் வெளியே கால் வைக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் இளக்கம் காட்டுவதில்லை. ஜீன்ஸ் எடுத்துவராதீர்கள். நனைந்தால் காயவே காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். குழந்தை நிற்காமல் நடுங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சோர்ந்து சுருண்டாலோ ஈரத்தைக் களைந்து, உலர்ந்த துணி சுற்றி, நன்றாக விழித்திருந்தால் மட்டும் சூடாக இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, தெளியவில்லை என்றாலோ உடனே மருத்துவமனைதான்.

நண்பர் அனுமதித்தால் அடுப்பு மூட்டலாம். வீட்டிலிருந்தே கொட்டாங்குச்சி, தேங்காய் நார், ஒரு டப்பா சூடம் கொண்டு போங்கள். ஈர விறகைப் பிளந்தால் நடுவில் காய்ந்த பகுதி இருக்கும். அதைச் சீவிச் சூடத்தில் பற்றவைத்தால் பிடித்துக்கொள்ளும். ரவையை முன்பே வறுத்துவைத்தால் உப்புமா பத்து நிமிட வேலை. மழை இரைச்சலுக்கு நடுவே தம்ளரில் மிளகு ரசம் ஊற்றிக் குடிக்கும் சுகம் ஓட்டல் அறையில் கிடைக்காது. ஆனால் கரி அடுப்போ கேஸ் அடுப்போ எக்காரணம் கொண்டும் டென்டுக்குள் போகக் கூடாது. அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமே இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

இடி மின்னலுக்கு டென்ட் பாதுகாப்பு அல்ல. மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் எல்லோரும் காருக்குள் போய்க் கதவை மூடிக்கொள்ளுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து இறங்கலாம். வானிலை ஆய்வு மையம் திண்டுக்கல் மாவட்டத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை விட்டால் யோசித்து, மலைப்பாதையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்றால் தேதியை மாற்றுங்கள். மண் சரிவோடு பந்தயம் கட்ட முடியாது. கொடைக்கானலுக்கு வண்டியில் போக ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டான இ-பாஸை மறக்காதீர்கள்.

சாயங்காலம் மழை விட்டதும் டார்ச்சோடு பிள்ளைகளைத் தோட்டத்து வேலியோரம் கூட்டிப் போங்கள். கட்டைவிரல் நகம் அளவே உள்ள புதர்த் தவளைகள் இலைமேல் உட்கார்ந்து 'டிக் டிக்' என்று கூப்பிடுவது கேட்கும். இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையாகவே வெளியே வரும். தொடாமல், டார்ச்சை நேராகக் கண்ணில் அடிக்காமல் பாருங்கள். மழை இல்லாத மாதத்தில் போனால் இந்தக் கச்சேரி கிடைக்காது.

திரும்பியதும் டென்டை மூட்டையோடு பரண்மேல் போட்டுவிடாதீர்கள். அன்றைக்கே மொட்டைமாடியில் நிழலான இடத்தில் விரித்து, தையல் மடிப்பு வரை காயவிட்டு மடியுங்கள். ஈரத்தோடு ஒரு வாரம் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் உண்மையிலேயே டென்டை மாற்ற வேண்டி வரும்.