நூலகர் பதில்கள்: "அதுக்கு வலிக்குமா?"

(பள்ளி நூலகம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 22 ஆண்டுகளாகப் பள்ளி நூலகராக இருப்பவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகள் படிக்கும் பள்ளியில் நூலகரை 'நூலக ஊடக வல்லுநர்' என்கிறார்கள். புத்தகத்தைக் கொடுத்து வாங்கி அடுக்கி வைக்கும் வேலைக்கு இவ்வளவு பெரிய பெயர் எதற்கு?

பதில்: முதலில் பெயரின் கதை. அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு காலத்தில் புத்தகங்கள் நூலகர் பொறுப்பில் இருக்கும். படச்சுருள், இசைத்தட்டு, புரொஜெக்டர் எல்லாம் இன்னொருவர் பொறுப்பில் இருக்கும். 1969-ல் அங்குள்ள பள்ளி நூலகர்கள் சங்கமும் ஒலி-ஒளிக் கல்வித் துறையினரும் சேர்ந்து தரநிலைகளை வெளியிட்டபோது, இரண்டையும் ஒன்றாக்கி 'ஊடகம்' என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்தார்கள். இந்த நீளப் பெயர் பரவியது அந்தக் காலத்தில்தான். 2010-ல் அதே சங்கம் 'பள்ளி நூலகர்' என்ற பழைய பெயருக்கே திரும்பிவிட்டது. எனக்கும் அதுதான் பிடிக்கும்.

பெயர் எதுவானாலும், கொடுப்பதும் வாங்குவதும் எங்கள் வேலையில் சின்னப் பங்குதான். அதைக் கணினியே செய்துவிடும். மீதி என்ன என்பதற்கு ஒரு நாளைச் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "நாயைப் பத்தி புத்தகம் இருக்கா?" என்றான். இருக்கிறது. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி பகுப்பு முறையில் 636.7, நாய்களுக்கான எண். நல்ல வண்ணப்படங்களோடு இரண்டு புத்தகங்களை எடுத்துக் கொடுத்தேன். நாலு பக்கம் புரட்டினான், மூடினான். "இது இல்ல மிஸ்." வேறொன்று கொடுத்தேன். அதுவும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் அவனிடம் எதுவுமே கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நாயைப் பத்தி என்ன தெரிஞ்சுக்கணும் உனக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "வயசான நாய்." சரி, வயசான நாய்க்கு என்ன? "ரெண்டு நாளா சாப்பிடல. அதுக்கு வலிக்குமா?"

அவன் கேட்ட புத்தகம் 636.7-ல் இல்லை. செல்லப் பிராணியை இழந்த ஒரு குழந்தையைப் பற்றிய படக்கதை எங்களிடம் இருந்தது, அதை இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். கால்நடை மருத்துவரிடம் என்னென்ன கேட்கலாம் என்று ஒரு தாளில் அவனே எழுதினான், எழுத்துப் பிழைகளோடு ஐந்து கேள்விகள். "உங்க டீச்சர்கிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டு, அவன் தலையாட்டிய பிறகுதான் சொன்னேன்.

எங்கள் தொழிலில் இதற்கு 'ரெஃபரன்ஸ் இன்டர்வியூ' என்று பெயர். வந்தவர் வாயால் கேட்பது ஒன்று, அவருக்குத் தேவைப்படுவது இன்னொன்று. குழந்தைகளிடம் இந்த இடைவெளி ரொம்பப் பெரியது. அதைத் தாண்டப் பொறுமையான ஓர் ஆள் வேண்டும். உங்கள் மகளின் பள்ளியில் அப்படி ஒருவர் இருந்தால், பெயரின் நீளத்தை மறந்துவிடுங்கள்.

கேள்வி: மகன் படக்கதைகளை மட்டுமே எடுத்து வருகிறான். நூலகர் கண்டிக்க வேண்டாமா?

பதில்: வேண்டாம். படிக்கிறான் அல்லவா, விடுங்கள். அவனுக்குப் பிடித்த படக்கதைக்குப் பக்கத்தில் அதே விஷயத்தைப் பேசும் வேறொரு புத்தகத்தைச் சும்மா வைத்துவிடுவேன். எடுத்தால் சந்தோஷம். எடுக்காவிட்டால் அடுத்த வாரம் இன்னொன்று.

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. எதைக் கேட்டாலும் செயற்கை நுண்ணறிவு நொடியில் சொல்லிவிடுகிறது. இனிமேல் நூலகரின் பங்கு என்ன?

பதில்: போன பருவத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆறு புத்தகங்களின் பட்டியலோடு வந்தாள். எங்கள் நூலகப் பட்டியலில் தேடினோம், பெரிய நூலகங்களின் இணையப் பட்டியல்களிலும் தேடினோம். நான்கு கிடைத்தன. மற்ற இரண்டையும் எங்கேயும் காணோம். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் அச்சு அசலாக இருந்தன. அவள் கொண்டுவந்த பட்டியலைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி போட்டுக் கொடுத்திருக்கிறது. அவள் முகம் வாடிவிட்டது, தான் ஏதோ தப்புச் செய்ததுபோல. தப்பு அவளுடையது அல்ல, சரிபார்க்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதைத்தான் நாங்கள் சொல்லித் தருகிறோம். ஆறாம் வகுப்பில் நான் நடத்தும் பாடம் ஒன்று, மரத்தில் வாழும் ஆக்டோபஸ் பற்றியது. 1998-ல் தொடங்கப்பட்ட ஒரு வேடிக்கை இணையதளம், அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் அப்படி ஓர் உயிரினம் இருப்பதாகப் படங்களோடு, அழியாமல் காப்பாற்றும் வேண்டுகோளோடு சொல்கிறது. பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். அப்புறம் சொல்வேன், "இந்தப் பக்கத்தையே உத்துப் பார்க்காதீங்க. புதுசா ஒரு பக்கம் திறந்து, மத்தவங்க இதைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு பாருங்க." ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரலாற்றாசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், செய்தி சரிபார்ப்பவர்கள் என மூன்று தரப்பினருக்கும் ஒரே மாதிரி தளங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். படித்த வரலாற்றாசிரியர்களே அழகான முகப்பைப் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் மட்டும் சட்டென்று அந்தத் தளத்தைவிட்டு வெளியே போய் விசாரித்து, சரியாகக் கண்டுபிடித்தார்கள். இந்தப் பழக்கத்தைப் பத்து வயதிலேயே கற்றுத்தரலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். புராஜெக்ட் கொடுத்த பிறகு பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்பாதீர்கள். கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் நீங்கள் வாருங்கள். கேள்வியை இரண்டு பேரும் சேர்ந்து அமைக்கலாம். இணையத்தில் ஒரே தேடலில் கிடைக்காத கேள்வியாக அமைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: கட்டுரைக்காகத் தேட ஆரம்பித்தால் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. எனக்கு ஆராய்ச்சி வராதா? - பதினோராம் வகுப்பு மாணவர்

பதில்: வரும் தம்பி. கரோல் குல்தாவ் என்பவர் பள்ளி நூலகராக இருந்து பிறகு ஆய்வாளர் ஆனவர். உன் வயது மாணவர்கள் தேடும்போது என்ன உணர்கிறார்கள் என்று 1980-களில் கூடவே இருந்து கவனித்தார். தலைப்பு கிடைத்ததும் ஓர் உற்சாகம், படிக்க ஆரம்பித்ததும் குழப்பம், தன்னம்பிக்கை சரிவது, தனக்கென்று ஒரு கோணம் பிடிபட்ட பிறகு தெளிவு. நீ நடுவில் நிற்கிறாய். அங்கேதான் நிறையப் பேர் கிடைத்ததை வெட்டி ஒட்டி முடித்துவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் உன் நூலகரிடம் போய், "எனக்கு எது குழப்புதுன்னு சொல்றேன், கேளுங்க" என்று சொல்.

கேள்வி: சின்னப் பள்ளி ஒன்றில் நூலகப் பொறுப்பு ஏற்றிருக்கிறேன். அலமாரி முழுக்கப் பழைய புத்தகங்கள். கழிக்க மனசு வரவில்லை.

பதில்: எனக்கும் முதல் ஆண்டு வரவில்லை. ஒன்றையும் தொடாமல், எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளரும் உயிர் என்பது. வளர்கிற உயிர் பழையதை உதிர்க்கவும் செய்யும் என்று புரிய எனக்கு நாளானது. அறிவியல், மருத்துவம், நாடுகள் பற்றிய அலமாரிகளில் ஆரம்பியுங்கள். பழைய தகவல் தீங்கு செய்வது அங்கேதான். கதைப் புத்தகங்களை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். யாரிடமும் கேட்காமலும் கழிக்காதீர்கள், தலைமையாசிரியரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

2006-ல் புளூட்டோவைக் குறுங்கோள் என்று அறிவித்த பிறகு, 'ஒன்பது கோள்கள்' என்று சொல்லும் நாலு புத்தகங்களைக் கழித்தேன். ஒன்றை மட்டும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்பிலும் அதைச் சுற்றுக்கு விட்டு, "இதுல ஒரு தகவல் பழசாயிடுச்சு, எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்பேன். யாராவது ஒரு குழந்தை தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு ஆண்டின்மேல் விரலை வைக்கும்வரை காத்திருப்பேன்.